பல்லாவரமும் குன்றத்தூரும்: மாணவர் எழுத வேண்டிய வரலாறு

தாம்பரத்தை அடுத்த சேலையூர்க் காட்டில் இன்று மரங்களுக்கிடையே விளங்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, 1937-ஆம் ஆண்டில்தான் அவ்விடத்திற்கு வந்தது. அதற்கு முன் அது சென்னை நகரத்தின் ஜார்ஜ் டவுன் பகுதியில் இயங்கியது. அங்கே முதுகலை பயின்ற இளைஞர் ஒருவர், 1908-இல் தம் பட்டத்தின் பொருட்டு ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்பது அக்காலக் கிறித்தவ அறிஞர் சிலர் சாட்டிய குற்றம். தம் முன்னோர் சமயத்தைப் பற்றிய அக்கூற்று அவ்விளைஞரின் நெஞ்சை வருத்தியது. மறுமொழியாக வேதாந்தத்தின் அறவியலையே அவர் தம் கட்டுரைக்குப் பொருளாக்கிக் கொண்டார்.

அதனை மதிப்பிட வேண்டியவர் ஆல்ஃபிரட் ஹாக் என்னும் பேராசிரியர். அவரும் ஒரு கிறித்தவ இறையியலாளரே. ஆசிரியர் சினம் கொள்வாரோ என மாணவர் அஞ்சினார். ஆனால் பேராசிரியரோ கட்டுரையைப் பாராட்டிச் சான்றிதழ் அளித்தார். அக்கட்டுரை அவ்வாண்டிலேயே நூலாகவும் வெளிவந்தது. அம்மாணவரே பின்னாளில் குடியரசுத் தலைவராக உயர்ந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன்.

இந்நிகழ்ச்சியில் எண்ணத் தக்கவை இரண்டு. தம் சமயம் பழிக்கப்பட்டபோது மாணவர் பழிச்சொல்லால் விடை கூறவில்லை. நூல்களைக் கற்று, சான்று காட்டி எழுதினார். ஆசிரியரும் தம் கொள்கைக்கு மாறானது என்று அக்கட்டுரையைத் தள்ளவில்லை. அதன் தகுதியை மட்டுமே நோக்கினார். ஒரு மாணவர் கட்டுரைக்கு இத்துணை ஆற்றல் உண்டு என்பதைத் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்று சிறப்பாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

வகுப்பறையில் ஒரு வினா

திண்டிவனம், வந்தவாசி, ஆரணி, செய்யாறு வட்டாரங்களிலிருந்து வேலையின் பொருட்டும் கல்வியின் பொருட்டும் புறப்பட்ட தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பல, தாம்பரத்திலும் அதனைச் சூழ்ந்த புறநகர்களிலும் குடியேறின. அக்குடும்பங்களின் மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகள் இன்று இப்பகுதிப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயில்கின்றனர். சொந்த ஊரின் ஜினாலயத்தை ஆண்டுக்கு ஒருமுறை காண்பதே அவர்களுக்கு அரிது.

வரலாற்று வகுப்பில் அவர்கள் கேட்பவை சிலவே. மகேந்திரவர்மப் பல்லவன் சமணத்தை விட்டுச் சைவனானான். மதுரையில் சமணர் வாதில் தோற்றனர். களப்பிரர் காலம் இருண்ட காலம் என்று நெடுநாள் எழுதப்பட்டு வந்தது. மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேற்றப்பட்டனர் என்பதையோ அவர்கள் பாடநூலுக்கு வெளியே கேட்கின்றனர். "நீங்கள் அந்தச் சமணரா? இன்னும் இருக்கிறீர்களா?" என்று உடன்பயிலும் தோழர் வியந்து கேட்கும்போது, விடை தெரியாமல் தலை குனியும் பிள்ளை உண்டு, சினந்து கசப்பான சொற்களை உதிர்க்கும் பிள்ளையும் உண்டு. இவ்விரண்டும் பயன் தருவன அல்ல. இராதாகிருஷ்ணன் காட்டிய வழியே பயன் தருவது. அதற்கு வேண்டிய சான்றுகளைத் தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தாம்பரத்தின் அண்டையிலிருந்தே தொடங்கலாம்.

குன்றும் குடைவரையும்

தாம்பரத்திற்கு வடக்கே மின்தொடர்வண்டியில் சில நிலையங்களைக் கடந்தால் பல்லாவரம். அதன் குன்றில் மகேந்திரவர்மன் குடைவித்த குடைவரைக் கோயில் ஒன்று உண்டு. உள்ளே ஐந்து கருவறைகள். உத்தரத்தில் அம்மன்னனின் விருதுப் பெயர்கள். இன்று அது இசுலாமியர் வழிபடும் தர்காவாக விளங்குகிறது. சமயங்கள் மாறிமாறித் தங்கிய இடமே தமிழ்நாடு என்பதை அந்த ஒரு குன்றே மாணவருக்கு உணர்த்திவிடும்.

பல்லாவரத்திற்கு வடமேற்கே குன்றத்தூர். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் அது. அங்குள்ள திருநாகேச்சரம் கோயில் அவர் எழுப்பியது என்பர். சோழ மன்னன் சீவக சிந்தாமணியைச் சுவைத்து மகிழ்ந்திருந்தபோது, அவனைச் சிவனடியார் வரலாற்றின்பால் திருப்புவதற்காகவே சேக்கிழார் தம் காப்பியத்தைப் பாடினார் என்று சைவ மரபு கூறுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டிலும் ஒரு சமணக் காப்பியம் சோழ அவையில் விரும்பிக் கேட்கப்பட்டது என்பதற்கு அம்மரபே சான்றாகிவிடுகிறது.

ஆக, சமணத்தை விட்டவன் எனப்படும் மன்னனின் கோயில் ஓர் ஊரில். அச்செய்தியைப் பாடிய புலவரின் ஊர் சற்றுத் தொலைவில். இரண்டையும் ஒரே நாளில் கண்டு திரும்பலாம். ஆனால் அவ்விரண்டிற்கும் இடையே காலத்தால் உள்ள தொலைவே மாணவர் முதலில் அளக்க வேண்டியது.

ஐந்நூறு ஆண்டு இடைவெளி

மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டவன். சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவர். அதாவது பன்னிரண்டாம் நூற்றாண்டினர். இடைவெளி ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள். பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து அக்கற்களால் மன்னன் திருவதிகையில் சிவன்கோயில் எழுப்பினான் என்னும் செய்தி பெரியபுராணத்தில் வருவது. மன்னனே வெட்டுவித்த திருச்சிராப்பள்ளிக் கல்வெட்டோ, அவன் மாறான நெறியிலிருந்து இலிங்க வழிபாட்டிற்குத் திரும்பியதைக் குறிப்பாகச் சொல்கிறது. அந்த மாறான நெறி எது என்று பெயர் கூறவில்லை. அது சமணமே என்பது பெரியபுராணத்தைத் துணைக்கொண்டு அறிஞர் செய்த முடிவு. அம்முடிவு சரியாகவும் இருக்கலாம். எனினும் கல்வெட்டு கூறுவது எது, புராணம் கூறுவது எது, அறிஞர் ஊகித்தது எது என்று மூன்றையும் பிரித்து எழுதக் கற்ற மாணவரே வரலாறு கற்றவர்.

பாடலிபுத்திரம் என்பது இன்றைய கடலூரின் திருப்பாதிரிப்புலியூர். திருநாவுக்கரசர் தருமசேனர் என்னும் பெயருடன் சமணத் துறவியாக வாழ்ந்த இடம் அது. அவ்வூரில்தான் சர்வநந்தி என்னும் முனிவர் 'லோகவிபாகம்' என்னும் நூலை எழுதினார். காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டும் சக ஆண்டு 380-உம் ஒன்று என்று அந்நூல் குறிக்கிறது, அது கி.பி. 458. பல்லவ மன்னரின் கால வரிசையை அமைக்க வந்த வரலாற்றாசிரியர்க்கு உறுதியான பிடிகளுள் ஒன்றாக அமைந்தது இக்குறிப்பே. பல்லவர் வரலாற்றில் சமணர் வீழ்ந்த கதையை மட்டும் படிக்கும் பிள்ளைக்கு, அவ்வரலாற்றின் காலக்கணக்கே ஒரு சமண முனிவரின் ஏட்டால் துலங்கியது என்பதை யார் சொல்வது?

கல் கூறும் சான்று

எண்ணாயிரவர் கழுவேறிய செய்தியும் இவ்வாறே ஆராயத் தக்கது. சம்பந்தர் பதிகங்களில் சமணரை இகழும் பாடல்கள் பல உண்டு. அக்காலச் சமயப் பூசலுக்கு அவை நேர்ச் சான்று. கழுவேற்றத்தை விரித்துரைக்கும் நூல்களோ மிகப் பிற்பட்டவை. அதனை உறுதிப்படுத்தும் சமகாலக் கல்வெட்டு எதுவும் இல்லை. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியாரும் இதனை வரலாறாக ஏற்கவில்லை.

அதன் பின் பாண்டிய நாட்டில் சமணம் எவ்வாறு இருந்தது? சித்தன்னவாசலில் ஒன்பதாம் நூற்றாண்டில், ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் ஆட்சியில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அறிவர் கோயிலைப் புதுப்பித்தான் எனக் கல்வெட்டு கூறுகிறது. கழுகுமலையில் பாறை முழுதும் தீர்த்தங்கரர் திருமேனிகள். அவற்றின் கீழே செய்வித்தோர் பெயர்கள். அவருள் குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியரும் உளர். மதுரையை அடுத்த சமணர் மலையில் குரண்டிப் பள்ளியைச் சேர்ந்த ஆசிரியரும் அவர்தம் மாணாக்கரும் தலைமுறை தலைமுறையாகக் குறிக்கப்படுகின்றனர். முற்றும் அழிந்துபோன ஒரு சமயத்தின் அடையாளங்களாக இவற்றைக் கொள்ள இயலாது.

தொண்டை நாட்டிலோ வந்தவாசியை அடுத்த வேடல் என்னும் ஊரில் ஒரு கல்வெட்டு உண்டு. முதலாம் ஆதித்த சோழன் காலத்தது எனக் கருதப்படும் அது, கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் ஆசிரியரைக் குறிக்கிறது. மாணாக்கியர் ஐந்நூற்றுவர்க்கும் பெண் துறவியர் நானூற்றுவர்க்கும் இடையே பிணக்கு நேர, குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்றனர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரில் பெண்கள் ஐந்நூற்றுவர் பயின்றனர்! தமிழகத்தின் சமூக மாற்றத்தைப் பற்றி எழுத விழையும் மாணவிக்கு இதனினும் சிறந்த தொடக்கம் வேறில்லை. தாம்பரத்தில் வாழும் தமிழ்ச் சமணக் குடும்பம் பலவற்றுக்குச் சொந்த ஊருக்குச் செல்லும் வழியிலேயே உள்ளது வேடல்.

இருபுறமும் நோக்குதல்

இவ்வாறு எழுதுகையில் ஓர் இடர் உண்டு. தம் சமயத்திற்கு ஏற்ற சான்றுகளை மட்டும் பொறுக்கி, ஏலாதவற்றை மறைத்தல் எளிது. அது வழக்குரைஞர் வாதமாகும்; வரலாறு ஆகாது. சம்பந்தரின் கடுஞ்சொற்களை எண்ணிக் காட்டும் மாணவர், நீலகேசி பௌத்தரை நோக்கிக் கூறும் கடுஞ்சொற்களையும் எண்ணிக் காட்ட வேண்டும். சமணப் பள்ளிகள் பல நலிந்து மறைந்தன என்பதும் உண்மையே. அதற்கு அரசர் ஆதரவு குறைந்தது, வணிகர் நிலை மாறியது, பக்தி இயக்கம் எளிய மக்களின் மொழியில் பாடியது எனக் காரணங்கள் பல.

அநேகாந்தம் பயின்ற மரபினர்க்கு இது புதிய பாடமன்று. கழுவேற்றம் உண்டா என்னும் வினாவிற்குச் சமணத் தருக்கம் அளிக்கும் விடையைப் பாருங்கள். பிற்கால நூல்களில் உண்டு. ஏழாம் நூற்றாண்டின் கல்லில் இல்லை. மக்கள் நினைவில் இன்றளவும் உண்டு. மூன்றும் மெய். மூன்றையும் ஒரே கட்டுரையில் அமைதியாக எழுதும் மாணவர்முன் எத்தோழரும் எதிர்வாதம் செய்யத் தயங்குவார்.

பிறர் இதனைச் செய்தும் காட்டியுள்ளனர். சைவராகிய உ. வே. சாமிநாதையர், கும்பகோணத்துச் சமணரான சந்திரநாத செட்டியார் முதலியோரிடம் ஐயம் கேட்டுத் தெளிந்தே 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். பிறப்பால் சமணர் அல்லாத பள்ளி ஆசிரியர் மயிலை சீனி. வேங்கடசாமி 1954-இல் 'சமணமும் தமிழும்' எழுதினார். சமணருள் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் நீலகேசியை உரையுடன் பதிப்பித்தார். தமிழ்ச் சமண இலக்கியம் பற்றி 1941-இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். அவர்க்குப் பின் அவ்வரிசை நீள வேண்டாமா?

எழுதத் தக்கவை

பெரிய நூல் எழுதுவது இளையோர்க்கு வேண்டுவதில்லை. பத்துப் பக்கக் கட்டுரை போதும். பொருள்களோ பல.

சென்னையிலேயே மயிலாப்பூரில் நேமிநாதர் கோயில் ஒன்று இருந்தது. குணவீர பண்டிதரின் 'நேமிநாதம்' என்னும் இலக்கணம் அத்தீர்த்தங்கரர் பெயரால் அமைந்தது. அத்திருமேனி மேல்சித்தாமூருக்குக் கொண்டு செல்லப்பட்டது என்பது மரபு. மயிலையிலிருந்து சித்தாமூர்வரை அச்சுவட்டைத் தேடி எழுதலாம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சமணர் ஏறத்தாழ 89,000 பேர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோரும் வடபுலத்திலிருந்து வந்தோரும் அவ்வெண்ணில் ஒன்றாகவே அடங்கிவிடுகின்றனர். 2014-இல் நடுவணரசு சமணரைத் தேசியச் சிறுபான்மையினராக அறிவித்தது. அவ்வறிவிப்பு ஊர்ப்புறத்து உழவர் குடும்பத்தின் பிள்ளைக்கு என்ன பயன் தந்தது என்பதை ஆராய்வது அரசியல் பயிலும் மாணவரின் கடமை.

இவற்றினும் எளியதும் விரைந்து செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. வீட்டிலுள்ள முதியோரிடம் அமர்ந்து, எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், எக்காரணத்தால் இப்புறநகருக்கு வந்தனர் என்று கேட்டு எழுதுதல். கல்வெட்டு ஆயிரம் ஆண்டு காத்திருக்கும். பாட்டியின் நினைவு காத்திராது.

1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர் பல்லாவரத்துப் படைப் பயிற்சித் திடலில் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். அது பழங்கற்கால மனிதன் செதுக்கிய கருவி. இந்திய மண்ணின் தொல்பழங்கால ஆய்வு அக்கல்லிலிருந்தே வளர்ந்தது. அத்திடலில் நாள்தோறும் எத்தனையோ பேர் நடந்தனர். குனிந்து நோக்கியவர் ஒருவரே. தமிழ்ச் சமண இளையோர் நடக்கும் மண்ணிலும் அவர்கள் முன்னோரின் சுவடுகள் கிடக்கின்றன. பெற்றோர் தம் பிள்ளைகளை இவ்விடுமுறையில் பல்லாவரத்திற்கும் குன்றத்தூருக்கும் வேடலுக்கும் அழைத்துச் சென்று, கண்டதைக் கண்டவாறே எழுதப் பழக்குவார்களாக. அடுத்த ஆண்டு மலரில் அவர்தம் கட்டுரைகள் இடம்பெறுமாயின், விழா முழுமை பெறும்.

அருகன் அறம் வளர்க!