வாவிக்கரைத் தாய்மாரும் சிசேரியன் தழும்பும்: பெருந்தொற்றுக் காலம் விட்டுச்சென்ற கேள்விகள்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை வீதியில் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது குருக்கள்மடம். கிழக்கே கடல், மேற்கே வாவி. வாவியின் அக்கரையில் அம்பிளாந்துறை. இரண்டு ஊர்களையும் இணைப்பது நாங்கள் ‘பாதை’ என்று சொல்லும் மிதவைப் படகு. படுவான்கரை மக்கள் பலர் கச்சேரி அலுவலுக்கும் சந்தைக்கும் கிளினிக்குக்கும் எழுவான்கரைக்கு வருவது இந்தப் பாதையில்தான்.

பிரசவ வலிக்கு நேரகாலம் தெரியாது. பாதை ஓடாத இரவு நேரத்தில் வலி கண்டால், ஒன்றில் 2014 இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தால் சுற்றிப் போகவேண்டும், அல்லது பட்டிருப்புப் பாலத்தால் களுவாஞ்சிகுடிக்கு வரவேண்டும். சாதாரண நாளிலேயே இதுதான் நிலைமை. 2020 மார்ச் 20 ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டபோது, இந்தத் தூரம் இன்னும் நீண்டது.

எனது மகள் 2021 இல் சிசேரியன் மூலம் பிறந்தாள். வீட்டுக்கு வந்தபோது என் கையில் இருந்த அட்டையில், ஏன் வெட்டினார்கள் என்பதற்கு ஆங்கிலச் சுருக்கெழுத்தில் இரண்டு வரி மட்டுமே இருந்தது. அந்த இரண்டு வரியையும் விளங்கிக்கொள்ள முயன்றதில் அறிந்தவற்றைத்தான் இந்தக் கட்டுரையில் தொகுத்திருக்கிறேன். அந்தக் காலத்தில் பிள்ளை பெற்ற பலர் இப்போது இரண்டாவது பிள்ளையைப் பற்றி யோசிக்கும் வயதில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது உதவும்.

பெருந்தொற்றுக்கு முன்பு

தாய் சேய் நலத்தில் இலங்கைக்கு நல்ல பெயர் உண்டு. 1940களின் நடுப்பகுதியில் உயிருடன் பிறக்கும் ஓர் இலட்சம் குழந்தைகளுக்கு 1,500க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்துகொண்டிருந்தார்கள். பெருந்தொற்றுக்கு முந்திய ஆண்டுகளில் அது 30 அளவுக்குக் குறைந்திருந்தது. இலவச மருத்துவம், பெண் கல்வி, மலேரியா ஒழிப்பு எனக் காரணங்கள் பல. ஆனால் கிராமத்தில் அந்த வேலையைச் செய்தவர் குடும்ப நல உத்தியோகத்தர். 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறைமையில் வேர்கொண்டு, வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பதிவுசெய்யும் ஏற்பாடு அது. நாங்கள் ‘மிஸ்’ என்று கூப்பிடும் அந்த அம்மா கொண்டுவரும் எச் 512 அட்டைதான் ஒரு கர்ப்பத்தின் முழு வரலாறும்.

இன்று இலங்கையில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலைகளில்தான் நடக்கின்றன. கூடவே சிசேரியனும் கூடியிருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் குடிசன சுகாதார அளவாய்வின்படி பிரசவங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று சிசேரியன். பத்து ஆண்டுகளுக்கு முன்பு அது நான்கில் ஒன்று அளவில் இருந்தது. அதாவது கொவிட் வருவதற்கு முன்பே இந்த வீதம் ஏறிக்கொண்டிருந்தது. சிசேரியன் கூடியதற்குப் பெருந்தொற்று மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது.

உலக நிலைமையும் இதுதான். சிசேரியன் வீதம் பத்து சதவீதத்தைத் தாண்டிய பிறகு, அது மேலும் உயர்வதால் ஒரு நாட்டின் தாய் மரணம் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015 இல் கூறியது. உலகில் ஐந்து பிரசவங்களில் ஒன்றுக்குமேல் சிசேரியன் என்றும், 2030 இல் அது 29 சதவீதத்தை எட்டலாம் என்றும் அதே நிறுவனம் 2021 ஜூனில் அறிவித்தது. தேவைப்படும் தாய்க்குக் கிடைக்காமல் போவதும் ஆபத்து, தேவையில்லாத தாய்க்குச் செய்வதும் ஆபத்து.

கொவிட் என்றால் சிசேரியனா?

2020 பெப்ரவரியில் வூஹான் நகரிலிருந்து வந்த முதல் மருத்துவ அறிக்கைகளில் ஒன்று, கொவிட் தொற்றிய ஒன்பது கர்ப்பிணிகளைப் பற்றியது. ஒன்பது பேருக்கும் சிசேரியன். நோய் புதியது, பிறப்பு வழியில் குழந்தைக்குத் தொற்றுமா என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பயத்தில் பல நாடுகள் அதே வழியில் போயின.

சில மாதங்களில் விடயம் தெளிவானது. கொவிட் தொற்று மட்டும் சிசேரியனுக்குக் காரணம் ஆகாது என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. தாய்க்கு மூச்சுத்திணறல் கடுமையாகி ஒட்சிசன் அளவு இறங்கினால், குழந்தையை விரைவில் வெளியே எடுப்பது தாயைக் காப்பாற்றவே தேவைப்படலாம். அது வேறு. சாதாரணக் காய்ச்சலோடு பி.சி.ஆர். பரிசோதனையில் தொற்று உறுதியான தாய் வழமைபோல் பிரசவிக்கலாம். முகக்கவசம் அணிந்து, கை கழுவிப் பால் கொடுக்கலாம். குழந்தையை மார்போடு அணைத்துக்கொள்ளலாம். தான் விரும்பும் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளவும் அவளுக்கு உரிமை உண்டு.

நடைமுறையில் வேறு காரணங்கள் குறுக்கிட்டன. போக்குவரத்து முடங்கியதாலும் பயத்தாலும் கிளினிக் தவறினால், குருதியமுக்கமும் நீரிழிவும் பிந்தியே கண்டுபிடிக்கப்படும். பிந்திக் கண்டுபிடித்தால் அவசரச் சத்திரசிகிச்சையில் முடியும் வாய்ப்புக் கூடும். துணைக்கு ஆள் இல்லாமல் தனியே வலியைத் தாங்கும் பெண்ணுக்குப் பிரசவம் நீளும். துணை இருந்தால் சிசேரியன் குறைகிறது என்பது கொவிட்டுக்கு முன்பே ஆய்வுகளில் உறுதியான விடயம்.

எங்கள் பக்கத்தில்

படுவான்கரையில் மகிழடித்தீவு போன்ற இடங்களில் வைத்தியசாலை உண்டு. ஆனால் சிசேரியன் என்றால் மகப்பேற்று நிபுணரும், மயக்க மருந்து கொடுப்பவரும், குருதி வங்கியும் வேண்டும். அதற்குக் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்கு அல்லது மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குத்தான் வரவேண்டும். இடையில் இருக்கும் காத்தான்குடி ஆதார வைத்தியசாலை பெருந்தொற்றுக் காலத்தில் கொவிட் சிகிச்சை நிலையமாக மாற்றப்பட்டது. ஒரு வைத்தியசாலை இப்படி மாறினால், அங்கே போகவிருந்த தாய்மாரின் சுமை அடுத்த வைத்தியசாலையின் பிரசவ விடுதியில் ஏறும்.

2021 தான் கொடுமையான ஆண்டு. கொவிட் தொற்றிய கர்ப்பிணித் தாய் ஒருவரின் முதல் மரணம் மே மாதத்தில் பதிவானது. ஜூனில் கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி தொடங்கியது. ஊசி போட்டால் பிள்ளைக்குக் கூடாது என்ற கதை ஊரெல்லாம் பரவியிருந்த நேரம் அது. டெல்டா அலையில் ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை மீண்டும் முடக்கம். அந்த அலையில் இலங்கையில் பல கர்ப்பிணிகளை இழந்தோம். கர்ப்ப காலத்தில், முக்கியமாகக் கடைசி மூன்று மாதங்களில், கொவிட் கடுமையாகும் ஆபத்து அதிகம் என்பதும், தடுப்பூசி அதைக் குறைக்கிறது என்பதும் இன்று ஐயமின்றித் தெரிந்தவை.

மாமியும் அக்காவும் வந்து நிற்கும் வீட்டில் சிசேரியன் புண் ஆறுவது ஒரு மாதிரி. யாரும் வரமுடியாத வீட்டில் ஆறுவது வேறு மாதிரி. சரக்குக் கறி சமைத்துக் கொடுக்க ஆள் இல்லை. புருஷன் வெளிநாட்டில் இருந்தால் விமானமும் இல்லை. மிஸ் வீட்டுக்கு வந்து புண்ணைப் பார்க்கவேண்டிய நாட்களில் தொலைபேசியில் விசாரித்தார். புண்ணில் நீர் கசிவதையும், தாயின் மனம் சோர்ந்திருப்பதையும் தொலைபேசியில் கண்டுபிடிப்பது கடினம். அதிலிருந்து மீள்வதற்குள் 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, மிஸ்மாரின் ஸ்கூட்டர்களும் நின்றன. திரிபோஷவும் தட்டுப்பட்டது.

அட்டையில் இருக்கும் அந்த இரண்டு வரி

சிசேரியன் அட்டைகளில் பொதுவாக ‘எல்.எஸ்.சி.எஸ்.’ என்று எழுதியிருக்கும். கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டிச் செய்த சத்திரசிகிச்சை என்று அர்த்தம். இது முக்கியம். வெளியே வயிற்றில் தெரியும் தழும்பை வைத்து உள்ளே எப்படி வெட்டினார்கள் என்று சொல்ல முடியாது. கீழ்ப்பகுதி வெட்டு என்றால் அடுத்த பிள்ளையைச் சாதாரணமாகப் பெற முயற்சிக்க இடமுண்டு. மேல்நோக்கி நெடுக்காக வெட்டியிருந்தால் அந்த முயற்சி ஆபத்து.

‘ஒருமுறை வெட்டினால் எப்போதும் வெட்டுத்தான்’ என்பது ஊர்ப்பேச்சு. ஒரு தடவை மட்டும் கீழ்ப்பகுதி சிசேரியன் செய்த, வேறு சிக்கல் இல்லாத பெண்கள் சாதாரணப் பிரசவத்துக்கு முயன்றால் நான்கில் மூன்று பேர் அளவில் வெற்றி பெறுகிறார்கள். பழைய தழும்பு பிரியும் ஆபத்து ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு. சிறிய எண்தான்; ஆனாலும் அது நடந்தால் நிமிடங்களில் சத்திரசிகிச்சை வேண்டும். எனவே இந்த முயற்சியைச் சத்திரசிகிச்சைக் கூடமுள்ள வைத்தியசாலையில்தான் செய்யவேண்டும். அக்கரையில் இருப்பவர்கள் வலி வரும்வரை வீட்டில் காத்திராமல் முன்கூட்டியே அனுமதி பெறுவது பற்றிக் கிளினிக்கில் பேசவேண்டும்.

ஒவ்வொரு சிசேரியனோடும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்துக் கூடுகிறது. அது பெரும் இரத்தப்போக்கில் கொண்டுபோய்விடும். மூன்று, நான்கு பிள்ளைகள் வேண்டும் என்று நினைக்கும் குடும்பங்களுக்கு இதை யாராவது சொல்லவேண்டும். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் இடையில் இரண்டு வருடமாவது இடைவெளி விடுவது நல்லது.

கேட்கவேண்டியவை

வைத்தியரிடம் நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். எனக்கு ஏன் சிசேரியன் செய்தீர்கள்? உள்ளே எந்த வகை வெட்டு? அடுத்த பிள்ளையைச் சாதாரணமாகப் பெறலாமா? எவ்வளவு காலம் பொறுக்கவேண்டும்? பதில்களை உங்களுக்கு விளங்கும் மொழியில் எழுதித் தரச் சொல்லுங்கள். இது வைத்தியரைச் சந்தேகிப்பது ஆகாது.

சிசேரியனுக்குப் பிறகு காய்ச்சல், புண்ணில் சீழ் அல்லது துர்நாற்றம், அதிக இரத்தப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும், திடீர் மூச்சுத்திணறல், கடும் தலையிடி, பார்வை மங்கல் இவற்றில் எது வந்தாலும் துடக்குக் கழியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. 1990 சுவசெரிய நோயாளர் காவு வண்டி இலவசம், உடனே கூப்பிடுங்கள்.

அரசிடம் கேட்கவேண்டியதும் உண்டு. அடுத்த தொற்றோ வெள்ளமோ வரும்போது, படுவான்கரைத் தாய் எந்த வழியால், எந்த வாகனத்தில், எந்த வைத்தியசாலைக்குப் போவாள் என்பது ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் முன்பே எழுதப்பட்டிருக்கவேண்டும். வாவியைக் கடக்க வேண்டியவளுக்கு ஒரு மணித்தியாலம் என்பது சிலவேளை உயிரின் விலை.

2020, 2021 இல் பிள்ளை பெற்றவர்களின் அட்டைகள் இன்னும் அலுமாரி மூலையில் கிடக்கும். அடுத்த பிள்ளையின் பிரசவம் எங்கே, எப்படி என்று தீர்மானிக்க அந்தத் தாள் தேவை. எடுத்து, ஒரு தடவை வாசித்து, பிரதி எடுத்து வையுங்கள்.