ஐசக்ஸ் நோய்க்குறி

புற நரம்புகள் அளவுக்கு மீறித் தூண்டப்படுவதால் தசைகள் ஓயாமல் இயங்கும் அரிய நோய். தென்னாப்பிரிக்க மருத்துவர் ஹையாம் ஐசக்ஸ் 1961இல் இதை விவரித்தார். கோளாறு தசையில் இல்லை, நரம்பில்தான் என்று அவர் காட்டிய விதம் எளிது: நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையைத் தடுக்கும் குராரே மருந்தைக் கொடுத்ததும் துடிப்பு அடங்கியது.

கெண்டைக்காலில் தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் தசை அலையும். தூக்கத்திலும் அது நிற்பதில்லை. தூங்கினால் தளர்ந்துவிடும் விறைப்பு மனிதர் நோயிலிருந்து இதைப் பிரித்தறிய தூக்கத்தில் துடிப்பு நிற்கிறதா என்ற ஒரு கேள்வியே பெரிதும் உதவும். தசைப்பிடிப்பு, விறைப்பு, மிகை வியர்வை ஆகியவையும் உண்டு. இறுக மூடிய கையை உடனே விரிக்க முடியாது. ஆனால் தசையைத் தட்டினால், தசை தளரத் தாமதிக்கும் மயோட்டோனியாவில் காணும் இறுக்கம் வராது. தசைத்துடிப்பைக் கண்டதும் இயக்க நரம்பணு நோயோ என்று அஞ்சுவோர் பலர். அந்நோயில் தசை மெலிந்து வலுவிழக்கும். இதில் பெரும்பாலும் அப்படியில்லை.

மின்தசை வரைவில் இரட்டை, மும்மைத் துடிப்புகளும், நொடிக்கு 150 முதல் 300 வரையிலான வேகத் தொடர்களும் பதிவாகும். இரத்தத்தில், நரம்பைத் தாக்கும் காஸ்பர்-2 எதிர்ப்பொருளைத் தேடுவர். அது இல்லாததால் மட்டும் நோய் இல்லை என்றாகிவிடாது. தைமஸ் கட்டி இருக்கிறதா என்று மார்புக்கு சி.டி. ஸ்கேன் அவசியம். தூக்கமின்மை, மனக்குழப்பம் சேர்ந்தால் அது மோர்வன் நோய்க்குறி. இந்தியாவில் பாதரசம் கலந்த மருந்து உண்டவர்களிடமும் இவ்வகை நோய்கள் பதிவாகியுள்ளன. அதையும் கேட்டறிய வேண்டும்.