ஸ்டியரிங்குக்கு ஏன் பூட்டு வந்தது?

லுணுகலையில் காரை நிறுத்த சமதரை தேடினால் பொழுது போய்விடும். பதுளையிலிருந்து பசறை வழியாக வந்து பிபிலைப் பக்கம் இறங்குகிற ஏ5 வீதியில், ஓரத்தில் நிறுத்துகிறவர்கள் முன் சக்கரத்தை மண்மேட்டுப் பக்கம் ஒடித்துவிட்டு, டயருக்கு ஒரு கல்லும் வைத்துவிட்டுத்தான் போவார்கள். நல்ல பழக்கம்தான். ஆனா கார் கொஞ்சம் பழசாக இருந்தால், திரும்பி வரும்போது சாவி சுத்தாது. ஸ்டியரிங் கல்லு மாதிரி நிற்கும். 'லொக் அடிச்சிருச்சி' என்று சொல்லுவோம்.

நடப்பது இதுதான். ஸ்டியரிங் தண்டுக்குப் பக்கத்தில் ஒரு இரும்பு நாக்கு, ஸ்பிரிங்கோடு காத்திருக்கிறது. சாவியை எடுத்த பிறகு ஸ்டியரிங்கைக் கொஞ்சம் அசைத்தால் அது தண்டில் இருக்கும் பள்ளத்துக்குள் விழுந்துவிடும். சக்கரம் மேட்டிலோ கல்லிலோ முட்டி நிற்கும்போது தண்டு முறுக்கிக்கொண்டு, அந்த நாக்கைப் பக்கவாட்டில் நெரிக்கும். நெரிபட்ட நாக்கைச் சாவியால் மட்டும் பின்னுக்கு இழுக்க முடியாது. ஒரு கையால் ஸ்டியரிங்கை இளகுகிற பக்கத்துக்கு அழுத்திக்கொண்டே மற்றக் கையால் மெதுவாகச் சாவியைத் திருப்பணும். அதுக்கும் சரிவரவில்லை என்றால் ஜக் போட்டு முன் சக்கரத்தைத் தூக்கினால் முறுக்கு இளகும். கோபத்தில் சாவியை முறுக்கினால் சாவிதான் உடையும்.

இந்தப் பூட்டு ஆரம்பத்திலிருந்தே காரில் இருந்ததில்லை. முதல் கார்களைக் கையால் ஹேண்டில் சுத்தித்தான் எழுப்பினார்கள். 1912இல் கடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. 1949இல் கிறைஸ்லர், சாவியைத் திருப்பினாலே என்ஜின் எழும்பும்படி செய்தது. அப்போதும் சாவி இருந்த இடம் டாஷ்போர்ட்தான். அதற்குப் பின்னால் இருக்கிற இரண்டு வயர்களைச் சேர்க்கத் தெரிந்தவன் யாரும் காரைக் கொண்டு போகலாம். ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களில் கொண்டும் போனார்கள். மேற்கு ஜேர்மனி 1961இல், பழைய கார் புதிய கார் என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஸ்டியரிங் பூட்டைக் கட்டாயமாக்கியது. திருட்டு குறைந்தது. அமெரிக்காவில் 1970 ஜனவரி முதல் புதிய கார்களுக்குச் சட்டம் வந்தது. பிரிட்டனில் 1971 முதல் புதிய கார்களுக்கு மட்டும் போட்டார்கள், திருடர்கள் பூட்டில்லாத பழைய கார்களின் பக்கம் திரும்பிவிட்டார்கள்!

ஆக, நம்ம மேட்டு ரோட்டில் சாவியைப் பிடித்து வைத்திருக்கிற இந்த நாக்கு, ஏதோ ஒரு தூரத்து நகரத்துத் திருடனை மனசில் வைத்துச் செய்யப்பட்டது. அந்தக் காலத்தில் தோட்டங்களில் கார் திருட்டு ஒரு பிரச்சினையே இல்லை. கார் என்றால் துரையுடைய கார். 1948இல் குடியுரிமையே பறிக்கப்பட்ட சனங்களுக்கு அதன் பின் கதவைத் திறந்துவிடுகிற வேலை வேண்டுமானால் கிடைத்திருக்கும். லயத்தில் ஒருத்திக்குப் பிரசவ வலி வந்தால் கொழுந்து லொறிதான் அம்புலன்ஸ்.

1960களில் அந்நியச் செலாவணி வற்றியதும் அரசாங்கம் கார் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. 1977 வரைக்கும் இருக்கிறதை வைத்தே ஓட்டணும் என்ற நிலை. மொறிஸ் மைனரும் ஒஸ்டினும் இங்கே இத்தனை வருடம் உயிரோடு இருந்ததற்கு ரசனையை விட இந்தத் தட்டுப்பாடுதான் பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம். (அந்தக் கார்களின் நம்பர் பிளேட்டில் இருக்கிற சிங்கள 'ஸ்ரீ'யும் 1958இல் நம்ம ஆட்கள் அதை எதிர்த்ததும் தனிக் கதை, வேறொரு கட்டுரைக்கு வைத்துக்கொள்வோம்.) பழைய மொறிஸில் சாவி டாஷ்போர்டில் இருக்கும், கரண்ட் மட்டும் கொடுக்கும். என்ஜினை எழுப்பத் தனியாக ஒரு குமிழை இழுக்கணும். பெட்டரி செத்தால் ஹேண்டில் இருக்கவே இருக்கு.

1977க்குப் பிறகு கதவு திறந்தது. ஜப்பானில் பாவித்து ரீகண்டிஷனாக வந்த சன்னி, கொரோலா, லான்சர்களோடு ஸ்டியரிங் பூட்டும் மலை ஏறியது. அதைத் திறக்கவே கூடாது என்ற எண்ணத்தோடு செய்திருப்பதை நம்ம கராஜ் பாஸ்மார் அப்போதுதான் கண்டிருப்பார்கள். பூட்டின் கூட்டைத் தண்டோடு பிடிக்கிற போல்ட்களை இறுக்கும்போதே தலை முறிந்து போகும்படி அமைத்திருக்கிறார்கள். ஸ்பேனர் போட அங்கே ஒன்றும் இல்லை. பெட்டரி வயரைக் கழற்றிவிட்டு, அந்த மொட்டைப் போல்டின் ஓரத்தில் உளியால் ஒரு வெட்டு வெட்டி, இடப்பக்கமாகத் தட்டித் தட்டிச் சுழற்றி எடுக்கிறார்கள். எனக்கு இது ஒரு பெரிய வித்தையாகத்தான் படுகிறது.

எல்லா நேரமும் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. சாவி போகிற உருளைக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக இருக்கும். சாவியின் பற்கள் அவற்றைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் உருளை சுத்தும். நம்ம கார்கள் நாலு கை மாறியவை, சாவியும் கொப்பிக்குக் கொப்பி எடுத்தது. தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் புதுச் சாவியும் தேய்ந்தபடியேதான் பிறக்கும். உருளையிலோ பழைய சாவியிலோ இலக்கம் இருந்தால் அதை வைத்து வெட்டுவதே சரி. என்ஜின் ஒயில் ஊத்தாதீங்க, தூசியைச் சேர்த்துப் பிசினாக்கும். பென்சில் கரித்தூள் போதும். உருளையையே மாற்றணும் என்றால், பல கார்களில் சாவியை முதல் நிலைக்குத் திருப்பி, பக்கத்துத் துளையில் இருக்கிற சின்ன முளையை அமுக்கினால் அது கையோடு வரும். முதல் நிலைக்கே சுத்தவில்லை என்றால்தான் துளை போட வேண்டிய கட்டம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் பழைய காரின் விலை ஏறிய வேகம் எல்லாருக்கும் தெரியும். இப்போ அந்தக் கார் துரையுடையது இல்லை. கடை போட்டவர், கொழும்பிலோ வெளிநாட்டிலோ உழைத்தவர் என்று நம்ம ஆட்களே வாங்கி ஹயருக்கு ஓட்டுகிறார்கள். ராத்திரி பதுளை ஆஸ்பத்திரிக்குப் போவதும் அதில்தான். ஒரு நாள் லொக் அடித்தால் ஒரு நாள் ஹயர் போச்சு. அதனால் பலர் உருளையை உடைத்து, வயரை இழுத்து, புஷ் பட்டன் ஒன்றைப் போட்டுக்கொள்கிறார்கள்.

பயம் அங்கேதான். உருளை போனாலும் ஸ்பிரிங்கோடு நாக்கு உள்ளேயே இருக்கிறது. அதைப் பின்னுக்குப் பிடித்து வைத்திருந்த பாகம் உடைந்திருந்தால், பசறை வளைவு ஒன்றில் ஸ்டியரிங் ஒடிக்கும்போது அது பள்ளத்துக்குள் விழலாம். பெட்ரோல் மிச்சம் பிடிக்க என்ஜினை நிறுத்தி இறக்கத்தில் விடுகிறவர்கள், கைப்பழக்கத்தில் சாவியை உருவினாலும் இதே கதிதான். பட்டன் போடத்தான் வேணும் என்றால், முதலில் அந்த நாக்கை முழுசாகக் கழற்றிக் கையில் தரச் சொல்லுங்க. பாஸ் 'அது ஒண்ணும் செய்யாது' என்று சொன்னாலும் கேட்டு வாங்குங்க. பூட்டில்லாத காருக்கு ராத்திரியில் ஒரு சங்கிலி போட்டுக்கொள்ளலாம்.