சர்க்கரையும் சிற்பமும்: லிவர்பூல் துறைமுகத்துக் கலைக்கூடம்

துறைமுக நகரின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வந்த கப்பல்களையும் இறங்கிய சரக்குகளையும் கணக்கிட்டு எழுதுவர். கப்பல்கள் வருவது நின்றபின் அந்நகரின் பண்டகசாலைகள் என்ன ஆயின என்று கேட்போர் சிலரே. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரிய சரக்குப் பெட்டகக் கப்பல்கள் ஆழமான புதிய துறைகளை நாடிச் சென்றன. ஐரோப்பாவின் பழந்துறைகள் பல வெறிச்சோடின. அவ்வாறு கைவிடப்பட்ட பண்டகசாலைகளுட் சில பின்னர்க் கலைக்கூடங்களாயின. இங்கிலாந்தின் வடமேற்கில், மெர்சி ஆறு கடலோடு கலக்குமிடத்தில் உள்ள லிவர்பூல் நகரின் ஆல்பர்ட் கப்பல்துறை அவற்றுள் குறிப்பிடத்தக்கது.

1988 ஆம் ஆண்டில் அங்குத் திறக்கப்பட்ட டேட் கலைக்கூடம், இக்காலக் கலையைக் காணச் செல்வோர் முன் ஒரு வினாவையும் சேர்த்தே வைத்தது. மூட்டைகள் அடுக்கிய இடத்தில் ஓவியங்களைத் தொங்கவிடும்போது, அம்மூட்டைகளை விளைவித்தோரின் கதை மறைகிறதா, வெளிப்படுகிறதா? அக்கட்டடத்தின் சுவரும், அது தாங்கிய பெயரும், அதனுள் வைக்கப்பட்ட படைப்புகளும் இவ்வினாவுக்குத் தரும் விடையைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய துறையும் பழைய பழியும்

மெர்சி ஆற்றில் கடலேற்றமும் வற்றமும் மிகுதி. கரையோரம் நிற்கும் கப்பல் சில மணி நேரத்தில் சேற்றில் அமர்ந்துவிடும். ஆகவே மதகுக் கதவுகள் அமைத்து, நீர்மட்டம் குறையாமல் காக்கும் கப்பல்துறை ஒன்றைத் தாமஸ் ஸ்டீர்ஸ் என்னும் பொறியாளர் கட்டினார். 1715 இல் திறக்கப்பட்ட அத்துறையே உலகில் வணிகக் கப்பல்களுக்கென எழுந்த முதல் மூடுதுறை என்பர். பின்னாளில் அது தூர்க்கப்பட்டது. 2001 இல் நடந்த அகழாய்வில் அதன் செங்கற்சுவர்கள் வெளிப்பட்டன. இன்று அதன்மேல் பெரும் வணிக வளாகம் நிற்கிறது. பார்வையாளர்கள் நிலத்தடியில் இறங்கி அச்சுவரின் ஒரு பகுதியைக் காண வழி செய்துள்ளனர்.

அத்துறையின் செல்வத்திற்கு ஊற்றாக விளங்கியவற்றுள் அடிமை வணிகமும் ஒன்று. லிவர்பூலிலிருந்து சென்றதாக அறியப்படும் முதல் அடிமைக் கப்பல் 1699 இல் புறப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டனின் அடிமை வணிகத் தலைநகராகவே லிவர்பூல் விளங்கியது. பிரிட்டிஷ் கப்பல்கள் அட்லாண்டிக் கடல் கடந்து ஏற்றிச் சென்ற ஏறத்தாழ 30 லட்சம் ஆப்பிரிக்கருள் பாதிப்பேரை ஏற்றிச் சென்றவை லிவர்பூல் கப்பல்களே என்று அந்நகரின் அருங்காட்சியகங்களே கூறுகின்றன. 1807 இல் சட்டம் இவ்வணிகத்தைத் தடுத்தது. லிவர்பூல் நகர மன்றம் இதற்காக முறைப்படி மன்னிப்புக் கோரியது 1999 டிசம்பரில்தான்.

நெருப்பை வென்ற கட்டடம்

ஆல்பர்ட் கப்பல்துறை 1846 ஆம் ஆண்டு விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் இளவரசரால் திறந்துவைக்கப்பட்டது. எனவே அடிமைக் கப்பல் எதுவும் இத்துறையில் நின்றதில்லை. இவ்வேறுபாட்டை மறந்து எழுதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆயினும் அங்கு இறங்கிய சரக்குகளைப் பார்க்கும்போது பழைய உறவு அறுபடவில்லை என்பது விளங்கும். பருத்தி, சர்க்கரை, புகையிலை, தேயிலை, பட்டு, தந்தம், சாராய வகைகள் ஆகியன அங்கு வந்தன. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமை முறை ஒழிந்த 1865 வரையில், அங்கிருந்து லிவர்பூலுக்கு வந்த பருத்தி பெரும்பாலும் அடிமைகளின் கை பறித்த பருத்தியே ஆகும்.

இத்துறையை அமைத்தவர் ஜெஸ்ஸி ஹார்ட்லி என்னும் பொறியாளர். பிலிப் ஹார்ட்விக் என்னும் கட்டடக் கலைஞர் துணை நின்றார். அக்காலப் பண்டகசாலைகளுக்குப் பெரும்பகை நெருப்பு. மரத்தூணும் மரத்தளமும் கொண்ட கட்டடங்களில் ஒரு பொறி விழுந்தால் பஞ்சும் சாராயமும் சேர்ந்து எரியும். ஹார்ட்லி மாதிரிக் கட்டடம் ஒன்றை எழுப்பி, அதற்குத் தீயிட்டுச் சோதித்துப் பார்த்தார். அதன் பின்னரே வார்ப்பிரும்பு, செங்கல், கல் ஆகியவற்றால், கட்டுமானத்தில் மரம் கலவாத ஐந்தடுக்குப் பண்டகசாலைகளைக் கட்டினார். நீர்விளிம்பில் பருத்த இரும்புத் தூண்கள் வரிசையாக நின்று மேலடுக்குகளைத் தாங்குகின்றன. கப்பலிலிருந்து சரக்கை நேரே பண்டகசாலைக்குள் ஏற்றும் முறை அங்கு இருந்தது. 1848 இல் நீரழுத்தத்தால் இயங்கும் பாரந்தூக்கிகளும் வந்து சேர்ந்தன.

இக்கட்டடத்தை அக்காலத்தார் அழகென்று கொள்ளவில்லை என்பது நோக்கத்தக்கது. கட்டடக் கலைஞரும் நகர வரலாற்றாசிரியருமான பிக்டன் இதனை வெறுஞ்செங்கற் குவியலாகவே கண்டு வெறுத்தார். பயன் கருதி எழுந்தது, பயன் நீங்கியபின் அழகாயிற்று. 1952 இல் அரசு இதனை முதல்தரப் பாதுகாப்புக்குரிய கட்டடமாக அறிவித்தது.

டேட் என்னும் பெயர்

ஹென்றி டேட் 1819 இல் பிறந்தவர். லிவர்பூலில் மளிகைக் கடைப் பணியாளாகத் தொடங்கி, கடைகள் பலவற்றுக்கு உரிமையாளராகி, 1859 இல் சர்க்கரை சுத்திகரிக்கும் தொழிலில் பங்காளியானார். 1870களில் லவ் லேன் என்னும் தெருவில் தம் பெரிய ஆலையை நிறுவினார். கட்டிச் சர்க்கரையை இங்கிலாந்தில் பரப்பியவர் அவரே. பின்னர் லண்டனுக்குத் தொழிலை விரித்து, தாம் திரட்டிய ஓவியங்களையும் கட்டட நிதியையும் நாட்டுக்கு அளித்தார். அக்கொடையால் 1897 இல் லண்டனில் எழுந்த கூடமே பின்னாளில் டேட் கலைக்கூடம் எனப் பெயர் பெற்றது. பழைய சிறைச்சாலை ஒன்று நின்ற இடத்தில் அது எழுந்தது.

பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நிறைவேறிய 1833 இல் டேட்டுக்கு வயது பதினான்கு. அவர் அடிமைகளை வைத்திருந்தவர் அல்லர். ஆயினும் அவர் நுழைந்த தொழில், அடிமைகளின் உழைப்பின்மேல் வேரூன்றியது. டேட் கலைக்கூட நிறுவனமும் தன் வரலாற்றைக் குடியேற்ற அடிமை முறையின் வரலாற்றிலிருந்து பிரித்துக் காண இயலாதென்று பின்னாளில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

ஒரு கடிதம்

அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களில் யார் உழைத்தனர் என்னும் வினா தமிழர்க்கு நெருக்கமானது. இதற்கான விடையும் லிவர்பூலிலிருந்தே தொடங்குகிறது. ஜான் கிளாட்ஸ்டன் என்பவர் அந்நகரின் பெருவணிகர். பின்னாளில் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் தந்தை. பிரிட்டிஷ் கயானாவிலும் ஜமைக்காவிலும் தோட்டங்கள் வைத்திருந்தார். விடுதலை பெற்ற 2,500க்கும் மேற்பட்ட அடிமைகளுக்கு ஈடாக அவர் பெற்ற தொகை ஒரு லட்சம் பவுண்டுக்கும் மேல். இழப்பீடு உடையவருக்குக் கிடைத்தது. உழைத்தவருக்கு ஒரு காசும் இல்லை.

மொரீசியசுத் தீவுக்கு 1834 முதல் இந்தியத் தொழிலாளர் ஒப்பந்த அடிப்படையில் அனுப்பப்பட்டு வந்தனர். இதனை அறிந்த கிளாட்ஸ்டன், 1836 சனவரியில் கல்கத்தாவிலிருந்த வணிக நிறுவனம் ஒன்றுக்குக் கடிதம் எழுதித் தம் தோட்டங்களுக்கும் ஆள் கேட்டார். அதன் விளைவாக 'விட்பி', 'ஹெஸ்பரஸ்' என்னும் இரு கப்பல்கள் ஏறத்தாழ 400 இந்தியருடன் 1838 மே 5 ஆம் நாள் கயானாவை அடைந்தன. அடுத்த பத்தாண்டில் சென்னையிலிருந்தும் அந்நாட்டுக்குக் கப்பல்கள் சென்றன. 1860 நவம்பரில் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து நேட்டால் கரையில் 342 பேரை இறக்கியது. பிஜித் தீவுக்கும் இவ்வோட்டம் நீண்டது. அத்தீவின் கரும்புத் தோட்டங்களில் துயருற்ற பெண்களைப் பாரதியார் பாடினார். கரும்பின் இனிமையைப் போற்றிய புலவர் பலர். அதை வெட்டிய கையின் வலியைத் தமிழ்க் கவிதைக்குள் கொணர்ந்த பெருமை பாரதியாருக்கு உண்டு.

மூடலும் திறப்பும்

ஆல்பர்ட் துறையின் வணிக வாழ்வு நீளவில்லை. நீராவிக் கப்பல்கள் பெருத்தன. துறையின் வாயில் அவற்றுக்குச் சிறிதாயிற்று. இரண்டாம் உலகப்போரில் 1941 மே மாதக் குண்டுவீச்சு அதனைச் சிதைத்தது. 1972 இல் துறை மூடப்பட்டது. தேங்கிய நீரில் வண்டல் படிந்தது. 1981 சனவரியில் லவ் லேன் சர்க்கரை ஆலையும் மூடப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். அதே ஆண்டு சூலையில், கறுப்பின மக்கள் மிகுதியாக வாழ்ந்த டாக்ஸ்டெத் பகுதியில் வேலையின்மையும் காவல்துறையின் கெடுபிடியும் பெருங்கலவரமாக வெடித்தன. அதன்பின் அரசு துறைமுகப் பகுதியைச் சீரமைப்பதில் முனைந்து நின்றது.

1988 மே மாதம், சீரமைத்த துறையின் ஒரு பகுதியில் டேட் கலைக்கூடம் திறக்கப்பட்டது. லிவர்பூலில் வளர்ந்து அங்கேயே கட்டடக்கலை பயின்ற ஜேம்ஸ் ஸ்டர்லிங் அதனை வடிவமைத்தார். வெளிச்சுவரை அவர் மாற்றவில்லை. சர்க்கரை ஆலை போய் ஏழாண்டுகளுக்குப் பின், அதை நிறுவியவரின் பெயர் கலைக்கூடத்தின் பெயராக ஊருக்குத் திரும்பியது. ஆலையில் வேலையிழந்தோருக்கு இது ஆறுதலாக அமைந்ததா என்னும் கேள்வி எழுவது இயல்பே.

உள்ளே கண்டவை

உள்ளே நுழைந்தவர்க்கு முதலில் புலனாவது கட்டடமே. தளங்கள் தாழ்வானவை, செங்கல் வளைவுகளும் இரும்புத் தூண்களும் சரக்கறையின் அளவையே நினைவூட்டின. ஓவியத்திலிருந்து கண்ணை எடுத்தால் சாளரத்தில் துறையின் நீர் தெரிந்தது.

1993 இல் ஆண்டனி கார்ம்லியின் களிமண் உருவக் கூட்டம் அங்கு வைக்கப்பட்டது. அருகிலுள்ள செயின்ட் ஹெலன்ஸ் என்னும் தொழில் நகரைச் சேர்ந்த எளிய குடும்பத்தினர் ஏறத்தாழ நூறு பேர், களிமண்ணைக் கையில் பிடித்து, இரு கண்கள் குத்தி, சூளையில் சுட்டெடுத்த ஏறக்குறைய 40,000 சிற்றுருவங்கள் அவை. தரை முழுதும் அவையே நிறைந்திருக்க, காண்போர் வாயிலில் நின்றே பார்க்க வேண்டும். பேரற்ற கூட்டம் தலையுயர்த்திப் பார்க்கிறது. பார்க்க வந்தவர் பார்க்கப்படுபவராகிறார். சுட்ட மண்ணாலான பண்டகசாலையில் சுட்ட மண்ணாலான மக்கள் நின்ற காட்சி அது.

2010 இல் அட்லாண்டிக் கடலின் இருகரை கறுப்பினக் கலையை ஒருசேரக் காட்டும் கண்காட்சி நடந்தது. அடிமைக் கப்பல்களின் பாதையே கலையின் பாதையுமாயிற்று என்னும் கருத்தை, பால் கில்ராய் 1993 இல் எழுதிய நூலின் வழி அது விளக்கியது. 2022 இல் டர்னர் பரிசுக்குரிய கண்காட்சி அங்கு நடைபெற்றது. பரிசு பெற்றவர் கரீபியக் கடலின் மான்செராட் தீவில் பிறந்த வெரோனிகா ரையன். விதைகளையும் பழக்கூடுகளையும், தைத்த துணியையும் பின்னிய பைகளையும் கொண்டு படைப்பவர். லண்டனில் அவர் பளிங்கிலும் வெண்கலத்திலும் செய்து வைத்த சீத்தா, முள்சீத்தா, சீமைப்பலா ஆகிய பழங்களின் சிற்பங்களும் அப்பரிசுக்குக் காரணமாயின. இவற்றுள் சீமைப்பலா தாகித்தித் தீவிலிருந்து அடிமைகளுக்கு மலிவான உணவாகட்டும் என்று 1793 இல் கப்பலேற்றிக் கரீபியத் தீவுகளுக்குக் கொண்டுவரப்பட்டது. சரக்காக வந்த பழம், அத்தீவின் மகள் கையில் சிற்பமாயிற்று.

அதே துறையில் 2007 ஆகஸ்ட் 23 ஆம் நாள் பன்னாட்டு அடிமைமுறை அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. கலைக்கூடத்திலிருந்து சில நிமிட நடையில் அதனை அடையலாம். இரண்டையும் ஒரே நாளில் கண்டவர், முதலிற் கண்ட ஓவியங்களை வேறு கண்ணோடு நினைத்துப் பார்த்திருப்பர். புதுப்பிப்புப் பணிக்காகக் கலைக்கூடம் 2023 அக்டோபரிலும், அருங்காட்சியகம் 2025 தொடக்கத்திலும் மூடப்பட்டன.

விடை

2004 இல் லிவர்பூல் துறைமுகப் பகுதிக்கு வழங்கிய உலக மரபுச் சின்னம் என்னும் தகுதியை, புதிய கட்டுமானங்கள் அதன் இயல்பைக் கெடுத்தன என்று கூறி 2021 சூலையில் யுனெஸ்கோ திரும்பப் பெற்றது. கல்லையும் செங்கல்லையும் காத்தால் வரலாற்றைக் காத்ததாகும் என்னும் நம்பிக்கையில் இத்தகுதிகள் வழங்கப்படுகின்றன. ஆனால் ஆல்பர்ட் துறையின் செங்கற்கள் தம்மளவில் எதையும் கூறுவதில்லை. நெருப்பிலிருந்து சரக்கைக் காக்க ஹார்ட்லி கொண்ட கவலையை அவை காட்டும். சரக்கை விளைவித்தவரை யார் காத்தார் என்பதைக் காட்டா. கட்டடம் மட்டும் நின்றிருந்தால் மறைத்தலே நிகழ்ந்திருக்கும். களிமண் உருவங்களும் சீமைப்பலாச் சிற்பம் வடித்தவரின் படைப்புகளும் உள்ளே வந்தபோதுதான் அந்த வீடு பேசத் தொடங்கியது.

கயானாவுக்கும் நேட்டாலுக்கும் பிஜிக்கும் கப்பலேறிய தமிழர்களின் பெயர்கள் குடியேற்றப் பதிவேடுகளில் ஊரும் அடையாளமும் சேர்த்து எழுதப்பட்டுள்ளன. வரலாற்றாய்வாளர் அவற்றைத் தொகுத்து வருகின்றனர். ஆயினும் பட்டியல் தொகுப்பதோடு ஆய்வாளர் பணி நின்றுவிடும். பட்டியலில் ஒரு வரியாகக் கிடப்பவருக்கு முகமும் குரலும் தரும் பணியைப் பாரதியார் தொடங்கிவைத்தார். அது இன்னும் நிறைவுறவில்லை. கவிதை எழுதுவோர் கைகளுக்காகக் காத்திருக்கிறது.