பழைய மடிக்கணினியில் வைஃபை வரவில்லையா? தூக்கிப் போடுமுன் இதைப் பாருங்கள்...

அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய மடிக்கணினி. அக்கா பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தபோது வாங்கியது. இப்போது தொடக்கப்பள்ளியில் இருக்கும் தம்பிக்கு வீட்டுப்பாடம் செய்ய ஒரு கணினி வேண்டும். பாட்டிக்கோ பெரிய திரையில் செய்தி பார்க்க ஆசை.

தூசி தட்டி மின்சாரத்தில் செருகுகிறீர்கள். திரை எரிகிறது. ஆனால் கீழே, வலது மூலையில் சிவப்புக் குறி. வீட்டில் எல்லாருடைய கைத்தொலைபேசியிலும் இணையம் ஓடுது. இதில் மட்டும் வரல.

"பழசுதானே, செத்துப்போச்சு" என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். எங்கோ ஒரு சுவிட்ச் அணைந்திருக்கலாம். அல்லது உங்கள் வீட்டுப் புதிய ரவுட்டர் பேசும் மொழி அந்தப் பழைய கணினிக்குத் தெரியாமல் இருக்கலாம். இரண்டுக்கும் காசு செலவில்லாமலேயே தீர்வு காண முடியும்.

முதலில், திரையில் என்ன தெரிகிறது?

கண்டதையும் அழுத்திப் பார்ப்பதற்குமுன் வைஃபை சின்னத்தைத் தட்டிப் பாருங்கள். நான்கில் ஒன்று நடக்கும்:

1. வைஃபை பட்டியலே வரவில்லை
2. அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் வருகின்றன, உங்கள் வீட்டுப் பெயர் மட்டும் இல்லை
3. உங்கள் வீட்டுப் பெயர் இருக்கிறது, ஆனால் இணைய மறுக்கிறது
4. இணைந்துவிட்டது, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை

ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. உங்களுடையது எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

1. பட்டியலே வரவில்லை: சுவிட்ச் எங்கே?

2010ஆம் ஆண்டை ஒட்டி வந்த பல மடிக்கணினிகளில் வைஃபைக்கென்றே தனிச் சுவிட்ச் இருந்தது. அப்போது விமானத்தில் ஏறினால் கம்பியில்லாத் தொடர்பை அணைக்கச் சொல்வார்கள். மின்கலத்தை மிச்சப்படுத்தவும் அது உதவியது. இன்றைய கணினிகளில் அது கிட்டத்தட்ட மறைந்துவிட்டதால், இளையர்கள் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

எங்கே தேடுவது?

- முன்விளிம்பிலும் இரு பக்கங்களிலும் விரலால் தடவிப் பாருங்கள். சிறிய நகர்த்தும் சுவிட்ச் இருக்கலாம். பழைய திங்க்பேட், டெல் லாட்டிடியூட் கணினிகள் சிலவற்றில் இப்படித்தான்.
- விசைப்பலகையின் மேல்வரிசையில் அலைக்கம்பம் அல்லது விமானப் படம் போட்ட விசை இருக்கா? 'எஃப்என்' விசையைப் பிடித்துக்கொண்டு அதை அழுத்துங்கள்.
- எச்பி கணினிகள் பலவற்றில் அந்த விசையிலேயே சின்ன விளக்கு இருக்கும். ஆரஞ்சு நிறம் என்றால் வைஃபை அணைந்திருக்கிறது. நீலம் அல்லது வெள்ளை என்றால் செயல்படுகிறது.
- மேக்புக் என்றால் தனிச் சுவிட்ச் கிடையாது. திரையின் மேல்பட்டையில் இருக்கும் வைஃபை சின்னத்தைத் தட்டினால் போதும்.

சுவிட்ச் சரியாக இருந்தும் வரவில்லையா? விண்டோஸ் அமைப்பில் 'ஏரோப்ளேன் மோட்' செயல்பாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் 'டிவைஸ் மேனேஜர்' பக்கம் போக வேண்டும். ஸ்டார்ட் பொத்தான்மீது வலது கிளிக் செய்தால் அது பட்டியலில் இருக்கும். அதில் 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்பதைத் திறங்கள்.

- வைஃபை கருவியின் பெயருக்குப் பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால், அதை யாரோ முடக்கி வைத்திருக்கிறார்கள். வலது கிளிக் செய்து 'எனேபிள்' கொடுங்கள்.
- மஞ்சள் முக்கோணம் இருந்தால், அநேகமாக அதை இயக்கும் மென்பொருளில், அதாவது டிரைவரில், கோளாறு.
- கருவியின் பெயரே இல்லையென்றால், கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றுங்கள். மின்கலத்தைக் கழற்ற முடிந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பிறகு மின்பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்தபின், எல்லாவற்றையும் மாட்டி மீண்டும் முடுக்கிப் பாருங்கள். கேட்கக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். சில நேரம் இதுவே போதும்.

டிரைவர் வேண்டும், ஆனால் அதைப் பதிவிறக்க இணையமே இல்லையே! இங்குதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வழி ரொம்ப எளிது. ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியை யூஎஸ்பி கம்பியால் கணினியோடு இணையுங்கள். தொலைபேசியின் அமைப்பில் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதைத் திறந்துவிடுங்கள். தொலைபேசியின் இணையம் கம்பிவழியே கணினிக்கு வந்துவிடும். பிறகு கணினி நிறுவனத்தின் அதிகாரத்துவ இணையப்பக்கத்தில், கணினியின் அடியில் இருக்கும் மாடல் எண்ணைப் போட்டு டிரைவரைத் தேடுங்கள். "எல்லா டிரைவரும் இலவசம்" என்று விளம்பரம் செய்யும் வேறு தளங்கள் வேண்டவே வேண்டாம்.

2. உங்கள் வீட்டுப் பெயர் மட்டும் இல்லை: அலைவரிசையைப் பாருங்கள்

இன்றைய ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய அலைவரிசைகளில் இயங்குகின்றன. புதியவை சில 6 கிகாஹெர்ட்ஸிலும் இயங்கும். விலை குறைவான பழைய மடிக்கணினிகள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். உங்கள் ரவுட்டரில் அந்த அலைவரிசை அணைக்கப்பட்டிருந்தால், கணினியைப் பொறுத்தவரை உங்கள் வைஃபை இல்லவே இல்லை.

இதை உறுதிசெய்ய உங்கள் கைத்தொலைபேசியே போதும்:

- ஐஃபோன் 12 அல்லது அதற்குப்பின் வந்தது என்றால், 'பர்சனல் ஹாட்ஸ்பாட்' பகுதியில் 'மேக்ஸிமைஸ் கம்பாடிபிலிட்டி' என்பதைத் திறந்துவிடுங்கள். ஹாட்ஸ்பாட் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவிடும்.
- ஆண்ட்ராய்டு என்றால், ஹாட்ஸ்பாட் அமைப்பில் 'பேண்ட்' என்ற இடத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது மடிக்கணினியில் உங்கள் தொலைபேசியின் பெயர் தெரிகிறதா? அப்படியென்றால் கணினியின் வைஃபை நன்றாக வேலை செய்கிறது. மாற்ற வேண்டியது ரவுட்டரின் அமைப்பைத்தான்.

இன்னொரு விஷயம். 2.4 கிகாஹெர்ட்ஸில் சிங்கப்பூரில் 1 முதல் 13 வரையிலான தடங்களைப் பயன்படுத்தலாம். அமெரிக்காவிலோ பொதுவாக 11 வரைதான். அங்கே வாங்கிய மடிக்கணினிக்கு 12, 13ஆம் தடங்கள் தெரியாமல் போகலாம். ரவுட்டரில் தடத்தை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றாக மாற்றினால் சரியாகிவிடும்.

3. இணைய மறுக்கிறது: மறைச்சொல்லா, பாதுகாப்பு முறையா?

முதலில் எளிய வழி. வைஃபை பெயர்மீது வலது கிளிக் செய்து 'ஃபர்கெட்' கொடுங்கள். பிறகு மறைச்சொல்லைப் புதிதாகத் தட்டுங்கள். ரவுட்டரை மாற்றியபின் பழைய பெயரையே வைத்திருந்தால், கணினி பழைய மறைச்சொல்லையே மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கும்.

மறைச்சொல் சரியாக இருந்தும் மறுத்தால், பாதுகாப்பு முறையைப் பார்க்க வேண்டும். 2018இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 முறை பழைய கருவிகள் பலவற்றுக்குப் புரியாது. ரவுட்டரில் அது மட்டும் தேர்வாகியிருந்தால், 'டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3' என்ற கலப்பு முறைக்கு மாற்றுங்கள். புதிய கருவிகள் புதிய முறையிலும் பழையது பழைய முறையிலும் இணையும்.

ஆனால் ஒரு கோட்டைத் தாண்டாதீர்கள். "மறைச்சொல்லே வேண்டாம்னு வச்சுட்டா கனெக்ட் ஆயிடும்" என்று நண்பர் யாராவது சொல்லலாம். டபிள்யூஇபி என்ற மிகப் பழைய முறைக்கு மாற்றச் சொல்லவும் கூடும். டபிள்யூஇபி பூட்டை நிமிடங்களில் உடைக்க முடியும் என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துபோன ஒன்று. அதே வைஃபையில்தான் அம்மா வங்கிக் கணக்கைப் பார்க்கிறார், அப்பா சிங்பாஸில் நுழைகிறார். ஒரு பழைய கணினிக்காக முழு வீட்டின் கதவையும் திறந்துவைக்கலாமா?

அதற்குப் பதில் ரவுட்டரில் 'கெஸ்ட் நெட்வொர்க்' ஒன்றை உருவாக்குங்கள். டபிள்யூபிஏ2, 2.4 கிகாஹெர்ட்ஸ், தனி மறைச்சொல். பழைய மடிக்கணினி அதில் இருக்கட்டும். வீட்டின் மற்றக் கருவிகள் அதன் கண்ணுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளும் வசதி பெரும்பாலான ரவுட்டர்களில் உண்டு.

4. இணைந்தும் பக்கம் திறக்கவில்லை: மணி என்ன?

கேள்வி விளையாட்டுக்கு அல்ல. கணினியின் தேதியைப் பாருங்கள். பல ஆண்டு பின்னால் போயிருக்கிறதா?

மடிக்கணினிக்குள் கடிகாரத்துக்கென்றே ஒரு சிறிய மின்கலம் இருக்கும். பல கணினிகளில் அது சிஆர்2032 வகை. கார்ச் சாவியில் இருப்பதைப் போன்ற வட்ட மின்கலம். அது தீர்ந்துவிட்டால், கணினியை அணைக்கும் ஒவ்வொரு முறையும் தேதி பழையதாகிவிடும். இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. தேதி தவறாக இருந்தால் சான்றிதழ் செல்லாது என்று நினைத்து உலாவி பக்கத்தைத் திறக்க மறுக்கும். தேதியைச் சரிசெய்து பாருங்கள். திறந்துவிட்டால் மின்கலத்தை மாற்றினால் போதும்.

தேதி சரிதான் என்றால், வைஃபை விவரத்தில் ஐபி முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் கணினிக்கு முகவரி கொடுக்கவில்லை என்று பொருள். ரவுட்டரை அணைத்து ஒரு நிமிடம் கழித்துத் திறங்கள். அப்படியும் வரவில்லையென்றால் விண்டோஸ் 10, 11இல் 'நெட்வொர்க் ரீசெட்' செய்யலாம். சேமித்த வைஃபை மறைச்சொற்கள் எல்லாம் அழிந்துவிடும், எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

வருது, ஆனா மெதுவா இருக்கே?

அது பழுதாக இல்லாமலும் இருக்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒற்றை அலைக்கம்பம் கொண்ட 802.11என் வகைக் கருவியின் உச்ச வேகம், வழக்கமான அமைப்பில், விநாடிக்கு 72 மெகாபிட்தான். அதுவும் ஏட்டளவில். வீட்டில் 1 கிகாபிட் திட்டம் இருந்தாலும் அந்தக் கருவியால் அவ்வளவையும் வாங்க முடியாது. ஆனாலும் வீட்டுப்பாடத்துக்கும் காணொளிக்கும் தாராளமாகப் போதும்.

அடிக்கடி அறுந்துபோனால் 'டிவைஸ் மேனேஜர்' பகுதியில் வைஃபை கருவியைத் திறந்து, 'பவர் மேனேஜ்மென்ட்' என்ற இடத்தில், மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கருவியை அணைக்கலாம் என்ற அனுமதியை எடுத்துவிடுங்கள். ரவுட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தும் ஒரே ஒரு கோடுதான் தெரிகிறதா? முன்பு எப்போதோ கணினியைப் பிரித்தபோது உள்ளே இருக்கும் அலைக்கம்பத்தின் மெல்லிய கம்பி கழன்றிருக்கலாம். அதைப் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

எல்லாம் செய்தாச்சு, இன்னும் வரல. இப்போ என்ன?

வைஃபை கருவியே உண்மையில் போய்விட்டது என்றாலும் கணினி போய்விடவில்லை. யூஎஸ்பி துளையில் செருகும் சிறிய வைஃபை அடாப்டர் கடைகளில் கிடைக்கிறது. அதன் விலை புதிய மடிக்கணினியின் விலையில் மிகச் சிறு பங்குதான். உங்கள் விண்டோஸ் பதிப்புக்குப் பொருந்துமா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். 5 கிகாஹெர்ட்ஸும் சேர்ந்தது என்றால், பழைய கணினிக்குப் பழைய வைஃபையைவிட நல்ல வைஃபை கிடைத்துவிடும்.

கடைசியாக ஒரு கேள்வி: அந்தக் கணினியை இணையத்தில் விடலாமா?

வைஃபை வந்துவிட்ட மகிழ்ச்சியில் இதை மறந்துவிடாதீர்கள். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. தனிப்பட்ட பயனீட்டாளர்கள் பதிவுசெய்துகொண்டால் விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு மேம்பாடுகள் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும்.

ஆதரவு முடிந்த கணினியில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடுவதில்லை. ஆகவே வங்கி, சிங்பாஸ் வேலைகளுக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள். முடிந்தால் விண்டோஸ் 11க்கு மாறுங்கள். கணினி அதற்குத் தாங்காது என்றால், லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தை நிறுவலாம். முதலில் யூஎஸ்பி விரலியிலிருந்தே அதை ஓட்டி, வைஃபை வருகிறதா என்று சோதித்துப் பார்க்கும் வசதியும் உண்டு.

இதெல்லாம் வேண்டாம், கணினியை வீசுவதுதான் முடிவு என்றால், வீவக வீட்டின் குப்பைக் குழாய் அதற்கான இடம் அல்ல. தரவை அழித்துவிட்டு, மின்னியல் கழிவுத் தொட்டியில் போடுங்கள். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்னியல் கழிவு சேர்வதாகத் தேசியச் சுற்றுப்புற அமைப்பு குறிப்பிட்டுள்ளது. வசதி குறைந்த குடும்பங்கள் சலுகை விலையில் கணினியும் இணையமும் பெற, 2023இல் தொடங்கிய 'டிஜிட்டல்ஆக்சஸ்@ஹோம்' திட்டமும் இருக்கிறது.

ஆனால் அதற்குமுன், அந்த மேல்தட்டு மடிக்கணினியை ஒருமுறை கையில் எடுத்து, அதன் விளிம்பைத் தடவிப் பாருங்கள். தம்பியின் வீட்டுப்பாடத்துக்கும் பாட்டியின் செய்திக்கும் இடையில் நிற்பது ஒரு சின்னச் சுவிட்சாகக்கூட இருக்கலாம்.