வெட்டுப்பட்டையிலிருந்து பட்டறைக்கு: லாபு தோட்டங்களும் தொழிற்கல்லூரி வகுப்பறையும்

தொழிற்கல்லூரியில் சேரும் நம் பிள்ளைகளுக்கு வகுப்பில் மனம் ஒட்டுவதில்லை, பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள் என்ற பேச்சு மலேசியத் தமிழரிடையே நெடுநாளாக இருக்கிறது. காரணம் கேட்டால் வீட்டுச் சூழல், கூட்டாளிகள், கைப்பேசி என்று எல்லாப் பழியும் மாணவர் மீதே விழும். இக்கட்டுரை வேறொரு காரணத்தைச் சொல்கிறது. நெகிரி செம்பிலானில் லாபு, கிர்பி போன்ற தோட்டங்களின் சமூகத்தில் தொழில் கற்றுக்கொடுப்பது ஒரு கையிலும் பள்ளிப்படிப்பு இன்னொரு கையிலுமாக ஏறத்தாழ நூறாண்டுகள் பிரிந்தே கிடந்தன. இன்றைய திறன் கல்வி அந்தப் பிரிவை வகுப்பறைக்குள்ளேயே மறுபடி உண்டாக்குகிறது. மாணவரின் சோர்வு பெரும்பாலும் அதிலிருந்து வருவது.

தோட்டத்தில் தொழில் எப்படிக் கற்றுக்கொடுக்கப்பட்டது என்பதிலிருந்து தொடங்கலாம். ரப்பர் மரத்தைச் சிதைக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் ரிட்லி செம்மைப்படுத்தினார். 1925இல் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆய்வுக் கழகம் அதை மேலும் ஆராய்ந்தது. ஆனால் லயத்துப் பிள்ளைக்கு ரிட்லியும் தெரியாது, ஆய்வுக் கழகமும் தெரியாது. அம்மாவோடோ அத்தையோடோ மர நிரைக்குப் போய், முதலில் மங்கு துடைத்து, கோட்டுப்பால் பொறுக்கி, பால் வாளி தூக்கிப் பழகி, பிறகு அழிக்கப்போகும் கிழட்டு மரத்தில் உளி பிடித்துப் பார்த்தே தொழிலுக்கு வந்தது. வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் சரிந்து இறங்க வேண்டும். சீவும் பட்டை தேவைக்குமேல் சற்றுத் தடித்தாலே வீண்செலவு. பால் நாளங்கள் மரத்தை ஒட்டிய உட்பட்டையில் அதிகம் இருப்பதால் மேலாக வெட்டினால் பால் குறையும். ஆழமாகப் போனால் கட்டைக்குக் காயம் பட்டு, மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். நல்ல வெட்டையும் கெட்ட வெட்டையும் பிரிப்பது மயிரிழை. வெட்டில் நேரும் பிழை அன்று காலையே பட்டையில் தெரியும், அருகில் இருப்பவர் அப்போதே திருத்துவார். கற்றல் ஆய்வாளர்களான லேவ், வெங்கர் இருவரும் 1991இல் வெளியிட்ட நூலில் லைபீரியத் தையல்காரர்களையும் யுகாத்தான் மருத்துவச்சிகளையும் எடுத்துக்காட்டி, புதியவர் ஓரத்து வேலையில் தொடங்கி நடுவேலைக்கு நகர்வதே கற்றல் என்று விளக்கினார்கள். அவர்கள் வந்து பார்த்திருக்கக்கூடிய இன்னோர் இடம் பால்மரக் காடு.

பள்ளிக்கூடம் இதற்குப் புறத்தே நின்றது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாத தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு கட்டாயமாக்கியது. நிர்வாகங்கள் சட்டத்துக்காக ஒரு கொட்டகை போட்டன. கிராணியோ கங்காணியோ எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளியோ ஆசிரியரானது பல தோட்டங்களில் நடந்தது. லாபுத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் பிரிவு 1, பிரிவு 4 என்று தோட்ட நிர்வாகத்தின் பிரிவெண்களைப் பெயரில் சுமக்கின்றன. பள்ளி யாருடைய கணக்கில் இருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று சுமார் 530. இப்பள்ளிகளில் பயின்றவர் இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது மலாய்மொழிக்காக ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார நேர்ந்தது. கையால் செய்யத் தெரிந்ததற்குப் பள்ளியில் மதிப்பில்லை, பள்ளியில் மதிக்கப்படுவதைச் சொல்ல மொழி கைவசமில்லை என்ற நிலைக்கு ஒரு தலைமுறை அங்கேதான் பழகியது.

அரசின் திறன் கல்வி இதற்குப் பிறகு வந்தது. 1971இல் தொழிற்பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் ஒரு தேசிய வாரியம் அமைந்தது. 1989இல் அது தேசியத் தொழிற்பயிற்சி மன்றமாயிற்று. 2006இல் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. ஒவ்வொரு தொழிலுக்கும் தரவரையறை, எஸ்.கே.எம். எனும் மலேசியத் திறன் சான்றிதழ், பயிற்றுநருக்குத் தனித் தகுதி என்று கட்டமைப்பு வலுவானது. 2005இல் தொடங்கிய தேசிய இரட்டைப் பயிற்சி முறை ஜெர்மானிய வழியைத் தழுவிப் பயிற்சியின் 70 முதல் 80 விழுக்காட்டை வேலையிடத்திலேயே வைத்தது. சிரம்பானில் ம.இ.கா. கட்சி சார்புடைய டேஃப் கல்லூரியும், பள்ளியிலிருந்து விடுபட்ட இளைஞருக்காகக் களும்பாங்கில் வளாகம் நடத்தும் மைஸ்கில்ஸ் அறவாரியமும் சமூகத்தின் தரப்பிலிருந்து எழுந்த முயற்சிகள். ஏட்டளவில் தொழிலும் படிப்பும் இங்கே சேர்ந்துவிட்டன. வகுப்பறையில் சேர்ந்தனவா என்பதுதான் கேள்வி. தரவரையறை எதை மதிப்பிட வேண்டும் என்று சொல்லும். அதை எந்த வரிசையில், எந்தப் பேச்சில் மாணவர் கைக்குக் கொண்டுபோவது என்பதைப் பயிற்றுநரிடமே விட்டுவிடும். பயிற்றுநராகும் அனுபவமுள்ள மெக்கானிக்குகள் பலர் தாம் பள்ளியில் கண்ட ஆசிரியரைப் போலவே நடந்துகொள்வதில் வியப்பில்லை: காலையில் தாள் குறிப்பு, மதியம் பட்டறை.

வாகனப் பிரேக் பாடத்தை எடுத்துக்கொள்வோம். வழக்கமான வகுப்பு பாகங்களின் மலாய்ப் பெயர்ப் பட்டியலில் தொடங்கும். அதற்குப் பதில் தேய்ந்த பிரேக் பேட் ஒன்றும் புதியது ஒன்றும் ஒவ்வொரு மேசைக்கும் போகட்டும். இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும், ஒரு பக்கம் மட்டும் ஏன் கூடுதலாகத் தேய்ந்தது என்று மாணவர் முதலில் தமக்குப் பழகிய தமிழில் வாயால் ஊகித்துவிட்டு, பிறகு வெர்னியர் காலிப்பரால் தடிமனை அளக்கட்டும். சரிந்த தேய்மானத்துக்குக் காரணம் பிரேக் காலிப்பரின் வழுக்கு ஊசி இறுகியது என்று கண்டபின் பெயர்களும் படிவமும் வரட்டும். பழைய நிரையில் நடந்ததும் இந்த வரிசைதான்: பிழை கண்முன் கிடக்கும், திருத்தம் உடனே கிடைக்கும், சொல் அதன்பின் வரும். இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. ஃப்ரீமன் குழுவினர் 2014இல் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விரிவுரை மட்டும் கேட்ட மாணவர் தோற்கும் வாய்ப்பு, வகுப்பில் தாமே செய்து கற்றவரைவிட ஒன்றரை மடங்கு என்று கண்டனர். அவை அறிவியல், பொறியியல், கணிதப் பட்டப்படிப்பு வகுப்புகள். தொழிற்கல்லூரிக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் விரிவுரைக்கு மிகவும் பழகிய மாணவரே அதனால் சறுக்குகிறார் என்றால், பழகாதவர் நிலை என்ன?

இதற்கு வரும் முதல் மறுப்பு நியாயமானது: தோட்டத்தை ஒரு பள்ளியாகக் காட்டுவது அடிமைத்தனத்துக்குச் சாயம் பூசுவதல்லவா? உளி பிடித்த பிள்ளை பள்ளியில் இருந்திருக்க வேண்டிய பிள்ளை. காயம்பட்ட மரத்துக்குக் கங்காணி கொடுத்தது பாடமல்ல, ஏச்சும் சம்பள வெட்டும். மறுக்க முடியாது. ஆகவே நிரையிலிருந்து எடுக்க வேண்டியது எது, விட வேண்டியது எது என்பதில் தெளிவு தேவை. உடனடித் திருத்தத்தை எடுக்க வேண்டும், தண்டனையை விட வேண்டும். பட்டறைகளில் பல வேளை நேர்மாறாக நடக்கிறது: திருத்தம் மாத முடிவில் மதிப்பீட்டுத் தாளாக வருகிறது, ஏச்சு மட்டும் அன்றன்றைக்கே கிடைக்கிறது.

தேர்வும் பதிவேடும் மலாய்மொழியில் இருக்கையில் தமிழில் விளக்குவது மாணவரைப் பின்னுக்கு இழுக்கும் என்பது அடுத்த மறுப்பு. மலாய் தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை. தேவை, கட்டாயம் தேவை. முதல் ஊகமும் முதல் கேள்வியும் எந்த மொழியில் வாயைத் திறக்க வைக்குமோ அதில் நடந்து, அறிக்கை மலாயில் எழுதப்பட்டால் புரிதலும் மலாயும் இரண்டும் பிழைக்கும். பதில் சொல்லத் தயங்கும் மாணவரை முதல் நாளே மலாய்க் கலைச்சொல்லால் சோதிப்பது புகுமுக வகுப்பின் பழைய அனுபவத்தைத் திரும்ப ஊட்டுவதாகும். பாடத்திட்டத்துக்கு நேரம் போதாது என்ற குறையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. மனம் ஒட்டாத மாணவருக்கு ஒரே பாடத்தை மூன்று முறை நடத்தும் நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

லாபுவில் கித்தா (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது; இப்போது செம்பனை நிலங்களும் நீலாய், சிரம்பான் பக்கமிருந்து வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவருகின்றன. அங்கே திறக்கும் வேலைகளுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். தொழிற்கல்லூரி நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள்: பயிற்றுநரை நியமிக்கும்போது அவருடைய சான்றிதழைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள், மாணவர் முன்னிலையில் அரைமணி நேரம் ஒரு பாடம் நடத்தச் சொல்லி, அந்த அரைமணியில் எத்தனை மாணவர் கையில் கருவி இருந்தது என்று எண்ணிப் பாருங்கள்.