முத்துக்குளிப்பும் குடலின் குருதியோட்டமும்

தாமிரபரணியின் கழிமுகத்தில் பாண்டியரின் துறைமுகமாக விளங்கிய கொற்கை, ஆறு கொணர்ந்த வண்டலால் கரை விலகிப் போனதால், இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த நிலப்பகுதியில் ஒரு சிற்றூராக இருக்கிறது. அங்கே தண்டனை பெற்ற கைதிகள் முத்துக்குளித்ததாகக் கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான 'எரித்திரியக் கடற் பெரிப்புளூஸ்' கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, கிடைத்ததில் பத்திலொரு பங்கு மன்னருக்கும், இருபதிலொரு பங்கு சுறாக்களை மந்திரத்தால் கட்டுவோருக்கும் போனதை எழுதுகிறார். போர்த்துக்கீசியர், 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர், பின்வந்த ஆங்கிலேயர் ஆகியோரின் காலத்திலும் பங்கும் வரியும் பெற்ற கவனத்தில் சிறிதளவே, மூச்சடக்கி இறங்கிய பரதவரின் உடலுக்குக் கிடைத்தது.

கயிற்றில் கட்டிய கல்லில் கால் ஊன்றி இறங்கி, சிப்பிகளைத் திரட்டி, தோணியில் இருப்பவர் இழுக்க மேலேறும் வரை ஏறக்குறைய ஒரு நிமிடம் மூச்சின்றி இருப்பதும், அதையே நாள்தோறும் பலமுறை செய்வதும் இத்தொழிலின் முறை. மூச்சு நின்று முகம் நீரில் பட்டதும் இதயத்துடிப்பு குறைய, தோல், கைகால், சிறுநீரகம், குடல் ஆகியவற்றின் குருதிக்குழாய்கள் சுருங்க, எஞ்சிய ஆக்சிஜன் மூளைக்கும் இதயத்துக்கும் சேமிக்கப்படுகிறது. 'மூழ்கல் எதிர்வினை' எனப்படும் இதனைச் சீல் முதலிய விலங்குகளில் ஆராய்ந்த உடலியங்கியலாளர் ஷோலாண்டர், பின்னர் டோரஸ் நீரிணையின் முத்துக்குளிப்போரிடமும் ஆராய்ந்து 1962இல் எழுதினார்.

உண்ட வயிற்றின் போக்கு இதற்கு நேர்மாறானது. கொழுப்பும் புரதமும் சிறுகுடலை அடைந்ததும் அதன் உட்சுவர் கோலிசிஸ்டோகைனின், நியூரோடென்சின் முதலிய இயக்குநீர்களை, அதாவது குருதியில் கலந்து பிற உறுப்புகளுக்குச் செய்தி கொண்டு செல்லும் ஹார்மோன்களைச் சுரக்க, அவையும் நரம்புகளும் செரித்த உணவும் சேர்ந்து குழாய்களை விரித்துக் குடலுக்கு மிகுதியான குருதியை வரவழைக்கின்றன. இவ்வகை இயக்குநீர்களுள் முதலாவதான செக்ரட்டினை லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் கண்டறிந்த 1902 ஜனவரியில்தான், உயிரியலாளர்களான ஹெர்ட்மனும் ஹார்னெலும் மன்னார் வளைகுடாவின் சிப்பிப் படுகைகளை ஆராய இலங்கைக்கு வந்தனர் என்பது தற்செயலான பொருத்தமே.

ஆக்சிஜன் குறைவோ இரு வேறு விதமாகச் செயல்படுகிறது: குடற்சுவருக்குள் அது குறையும்போது அங்குள்ள நுண்குழாய்கள் தளர்ந்து விரிகின்றன, உடல் முழுவதும் குறையும்போது, கழுத்துத் தமனியருகே உள்ள உணர்விகள் அதை அறிந்து, பரிவு நரம்புகளின் வழியே குடற்குழாய்களைச் சுருக்குகின்றன. ஒரு நிமிட மூழ்கலில் பெரும்பாலும் இரண்டாவதே மேலோங்கும். ஆயினும் நரம்பின் தூண்டல் நீடித்தால் சில நிமிடங்களில் குடற்குழாய்கள் ஓரளவு தாமாகத் தளர்ந்துவிடும் என்பதால் இச்சுருக்கம் நிலையானதன்று. குடலின் உட்சுவரில் விரல்போல் நீண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் நுனிகளே குருதி குறையும்போது முதலில் பாதிக்கப்படுவன; நுனியை நோக்கி மேலேறும் குருதியின் ஆக்சிஜனில் ஒரு பகுதி, அருகே இறங்கும் குழாய்க்கு இடையிலேயே கசிந்துவிடுவதே அதற்குக் காரணம்.

பாரசீக வளைகுடாவின் முத்துக்குளிப்போர் காலையில் சில பேரீச்சம்பழங்களும் காப்பியும் மட்டும் கொண்டு, முழு உணவை அந்நாளின் வேலை முடிந்த பின்னரே உண்டனர். இவ்வழக்கத்தைக் குருதியோட்டத்தின் நுட்பம் அறிந்ததன் விளைவாகக் கொள்வது மிகை. நிறைந்த வயிறு நீரழுத்தத்தில் குமட்டும், மூச்சையும் குறுக்கும் என்ற பட்டறிவே அதற்குப் போதுமானது. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புக்குப் பின் அத்தொழில் நின்றுபோக, சங்கு குளிப்போர் காலப்போக்கில் படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே காற்றைச் சுவாசிக்கத் தொடங்கினர். ஆக்சிஜன் பற்றாக்குறை அதனால் தீர்ந்தது, ஆனால் விரைந்து மேலேறும்போது குருதியில் நைட்ரஜன் குமிழிகள் தோன்றி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும் அழுத்தநீக்க நோய் அதன் இடத்தைப் பிடித்தது.